வளவு பிடித்திருக்கிறது, சரி; பங்கு எத்தனை?

கடிதம்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி விரிவாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 54, பள்ளி ஆசிரியை. கணவர் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றுவிட்டார். கணவரின் அம்மாவுக்கு 81 வயது. கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. பூர்வீகம் தேவகோட்டைப் பக்கம் என்பதால் காரைக்குடி வட்டாரத்துக்கே திரும்பிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். கோவை ஃபிளாட்டை விற்ற பணம் உட்படக் கையில் 70 லட்சம் இருக்கிறது.

பார்த்ததில் இரண்டு வீடுகள் மனதில் நிற்கின்றன. ஒன்று, கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில் நூறாண்டுப் பழமையான பெரிய வீடு. முழு வீடு அல்ல, மூன்றில் ஒரு பங்கு: வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில்) இரண்டு அறை, மாடியில் ஒரு கூடம், பின்கட்டில் ஒரு சமையலறை. முகப்பும் முற்றமும் பொது. விலை 38 லட்சம். உரிமையாளர் மலேசியாவில் இருக்கிறார்; அவர் 2019-ல் கொடுத்த பவரை (அதிகாரப் பத்திரத்தை) வைத்து உறவினர் ஒருவர் விற்கிறார். "மற்ற ரெண்டு பங்காளியும் வெளியூரு, இந்தப் பக்கமே வர மாட்டாங்க, முழு வீட்டையும் நீங்களே ஆளலாம்" என்கிறார் புரோக்கர். பட்டா இருக்கிறதாம், வில்லங்கம் 'கிளீன்' என்கிறார்கள், சகோதரிகளுக்குச் சீர் செய்து கணக்குத் தீர்த்தாயிற்றாம். வெள்ளிக்கிழமைக்குள் 5 லட்சம் ரொக்கமாக அட்வான்ஸ் கேட்கிறார்கள்.

இன்னொன்று, காரைக்குடி கழனிவாசல் பக்கம் ஒரு லேஅவுட்டில் மூன்று செண்டில் கட்டி இரண்டு ஆண்டான வீடு. 62 லட்சம். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இருக்கிறது, வங்கி கடன் தரத் தயார், அதனால் பத்திரம் சுத்தம் என்கிறார். வாசகிக்கு இதுதான் பிடித்திருக்கிறது. கணவருக்கோ அந்த வளவைப் பார்த்ததிலிருந்து வேறு எதுவும் கண்ணில் படவில்லை. "புது வீட்டில் மூச்சு முட்டுகிறது, அது தீப்பெட்டி" என்கிறாராம். யுனெஸ்கோ பட்டியலில் செட்டிநாடு இருக்கிறது, பழைய வீட்டின் விலை ஏறிக்கொண்டே போகும் என்பதும் அவர் கட்சி. "பொதுவாக வீடு வாங்குகிறவர்கள் எதை முக்கியமாகப் பார்க்கிறார்கள்? நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்? என் பெயரில் வாங்கினால் பத்திரச் செலவு குறையும் என்கிறார்களே, உண்மையா?" என்று முடித்திருக்கிறார்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வெள்ளிக்கிழமையை மறந்துவிடுங்கள். அந்த அட்வான்ஸைக் கொடுக்காதீர்கள். நூறு வருடம் நின்ற வீடு அடுத்த வெள்ளிக்கும் அங்கேயேதான் நிற்கும். "இன்னொரு பார்ட்டி வந்து நிற்கிறது" என்பது இந்தத் தொழிலில் தினசரி வசனம். காரணங்களைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எதை முக்கியமாகப் பார்க்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். காரைக்குடி, தேவகோட்டை நீதிமன்றங்களில் சிவில் வழக்கு நடத்துகிறவள் என்ற முறையில் நான் பார்ப்பது இரண்டு விதமான ஆட்கள். வாங்குவதற்கு முன் பத்திரம் காட்ட வருகிறவர்கள் ஒரு வகை. அவர்கள் பேச்செல்லாம் வாசல் எந்தத் திசை, ஆத்தங்குடிக் கல்லா மார்பிளா, பஸ் ஸ்டாண்டு எத்தனை தூரம், பின்னால் விற்றால் என்ன விலை போகும் என்பதுதான். வாங்கி ஒன்றிரண்டு வருடம் கழித்து வருகிறவர்கள் இன்னொரு வகை. தரைக் கல்லைப் பற்றி இவர்களில் யாரும் வாய் திறந்ததில்லை. வண்டி நிறுத்த வழி விடமாட்டேன் என்கிறான், கழிவுநீர் எங்கள் பக்கம் வரக்கூடாது என்கிறார்கள், திடீரென்று ஓர் அத்தை மகள் பங்கு கேட்டு நோட்டீஸ் விட்டிருக்கிறாள், கோடையில் போர்வெல்லில் காற்றுதான் வருகிறது. இப்படித்தான் இருக்கும். நீங்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த இரண்டாவது கூட்டம் சொல்வதைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

அதற்காக உங்கள் கணவரின் ஆசை அசட்டு ஆசை என்று சொல்லமாட்டேன். ஓய்வுக்குப் பிறகு பகல் முழுக்க வீட்டில் இருக்கப்போகிற மனிதருக்கு வெளிச்சமும் காற்றும் உட்கார ஒரு திண்ணையும் பெரிய விஷயம். செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் தெருவிலிருந்து தெருவரை கதவுகளை வரிசையாகத் திறந்து வைத்தால் சித்திரை மாதத்திலும் முற்றத்தில் காற்று ஓடும். சுண்ணாம்புச் சாந்தில் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த சுவரில் கையை வைத்தால் வெயில் நேரத்திலும் ஜில்லென்று இருக்கும். பர்மாத் தேக்குத் தூணுக்கு இன்று காசு கொடுத்தாலும் மரம் கிடைக்காது. இதையெல்லாம் விரும்புகிற மனிதரோடு எனக்குச் சண்டை இல்லை. 38 லட்சத்துக்கு அவருக்குக் கிடைக்கப்போவது அந்த வீடுதானா என்பதில்தான் சந்தேகம்.

பங்கு வாங்குவது என்றால் என்ன வாங்குகிறீர்கள்

நகரத்தார் வீடுகள் ஒரு குடும்பத்துக்காகக் கட்டியவை அல்ல. கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. புள்ளிக்கு இத்தனை அறை என்று வளவைச் சுற்றிக் கணக்குப் போட்டுக் கட்டினார்கள். அறைகள் அவரவருக்கு, முகப்பு, முற்றம், கிணறு, சாமி வீடு எல்லாம் பொது. தலைமுறை தாண்டத் தாண்டப் பங்கு சிறுத்துக்கொண்டே போகும். இந்த ஏற்பாடு பங்காளிகளுக்குள் இருக்கும்வரை ஓடும். அதற்குள் வெளியாள் ஒருவர் பணம் கொடுத்து நுழையும்போதுதான் சட்டம் வேறு மாதிரிப் பேச ஆரம்பிக்கிறது.

சொத்து மாற்றுச் சட்டம், 1882-ன் 44-ஆவது பிரிவு, பங்குதாரர் தன் பங்கை விற்கலாம் என்கிறது. ஆனால் அது பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீடாக இருந்தால், குடும்பத்தைச் சேராத ஒருவர் பங்கை வாங்கினாலும் மற்றவர்களோடு சேர்ந்து அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. குடும்பம் வயலையும் நகையையும் எப்போதோ பிரித்திருக்கலாம். வீடு மட்டும் பிரியாமல் கிடந்தால் இந்தத் தடைக்கு அது போதும். ஆக, பத்திரம் உங்கள் கையில் இருக்கும், குடியேற முடியாது. உங்களுக்கு மிஞ்சும் வழி பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போடுவது. போட்டால், பாகப்பிரிவினைச் சட்டம், 1893-ன் 4-ஆவது பிரிவின்படி, "இவர் பங்கை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று குடும்பத்தினர் கேட்கலாம். நீதிமன்றம் ஒரு விலை நிர்ணயிக்கும். பணத்தை வாங்கிக்கொண்டு நீங்கள் வெளியே வர வேண்டியதுதான். இடையில் நீங்கள் போட்ட டைல்ஸுக்கும் பாத்ரூமுக்கும் தனித் தகராறு.

"பங்காளிகள் வரவே மாட்டார்கள்" என்று சொன்னாராம் அல்லவா? அந்த வீட்டில் படைப்பு நடக்கிறதா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். அமெரிக்காவில் இருந்தாலும் முன்னோருக்குப் படைப்பு என்றால் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் வெள்ளையடித்து, முகப்பிலிருந்து பின்கட்டு வரை பந்தி போடுவார்கள். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு யாருக்கும் வேண்டாத வீடு என்று நினைப்பது வெளியூர்க்காரர்கள் செய்யும் கணக்கு. படைப்பு வைக்கும் இடத்தில் உங்கள் வாஷிங் மெஷின் நின்றால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். விற்கிறவரின் உறவினரிடம் இல்லாமல், மற்றப் பங்காளிகள் சம்பளம் கொடுக்கும் காவல்காரரிடம் இருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

செலவும் பங்குதான். கூரை பொது. வளவுத் தாழ்வாரத்தில் ஓடு நழுவி மழைத் தண்ணீர் உத்தரத்தில் இறங்கினால் கரையானுக்குக் கொண்டாட்டம். மாற்ற வேண்டும் என்பீர்கள். மற்ற இருவரும் "அடுத்த படைப்புக்கு வரும்போது பேசிக்கலாம்" என்பார்கள். உங்கள் காசில் செய்தால் திரும்ப வாங்குவது கஷ்டம். செய்யாவிட்டால் உங்கள் அறைதான் முதலில் ஒழுகும்.

பட்டா, வில்லங்கம், பவர், சீர்

பட்டா இருந்தால் சொத்து அவருடையது என்பது நம் ஊரில் வேரூன்றிய நம்பிக்கை. பட்டா வருவாய்த் துறைப் பதிவு. உரிமைக்கு அது முழு ஆதாரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. கூட்டுப் பட்டாவா, தனிப் பட்டாவா என்றும் நீங்கள் எழுதவில்லை. இந்த மாதிரி வீடுகளில் பெரும்பாலும் கூட்டுப் பட்டா இருக்கும். சில சமயம் பட்டா இறந்துபோன தாத்தா பெயரிலேயே நிற்கும்.

வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். ஆன்லைனில் பெரும்பாலும் 1975 முதல்தான் பார்க்க முடியும். உங்கள் வீடு 1920-களில் கட்டியது என்றால், அரை நூற்றாண்டுக் கதை அதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது. அந்தக் காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாக மனுப் போட்டுத் தேட வேண்டும். பதிவு செய்யாத உயிலும் நிலுவையில் உள்ள வழக்கும் வில்லங்கத்தில் தெரியாமல் போகலாம். வெறும் கூர்ச்சீட்டு எழுதிப் பிரித்துக்கொண்டதும் அதில் ஏறாது. கூர்ச்சீட்டு இந்தப் பக்கம் சர்வ சாதாரணம்: ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஒரு தாளில் 'வடக்கு அறை மூத்தவருக்கு, தெற்கு அறை இளையவருக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இரும்புப் பெட்டியில் வைத்திருப்பார்கள். எப்போதோ வாய்மொழியாகப் பிரித்ததை நினைவுக்கு எழுதி வைத்த தாள் என்றால் ஓரளவு செல்லும். அந்தத் தாளே பிரிக்கும் பத்திரம் என்றால், பதிவில்லாமல் அதை வைத்து உரிமையை நிலைநாட்ட முடியாது. விற்பவர் "என் பங்கு இந்த ரெண்டு அறை" என்று எதை வைத்துச் சொல்கிறார் என்பதே முதல் கேள்வி. பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் நான் மேலே சொன்னதில் பாதி மாறும். இல்லையென்றால் அவர் விற்பது மூன்றில் ஒரு பாகம் என்ற எண்ணிக்கையை மட்டும்தான், எந்த அறையையும் அல்ல.

சீர் செய்தால் கணக்குத் தீர்ந்தது என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. எவ்வளவு வெள்ளிப் பாத்திரம் கொடுத்தாலும் சீர் சொத்துரிமையை அழிக்காது. தமிழ்நாட்டில் 1989 திருத்தம், அன்று கல்யாணம் ஆகாமலிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை கொடுத்தது. 2005 மத்தியத் திருத்தம் கல்யாணமான மகள்களுக்கும் கொடுத்தது. அப்பா 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவு செய்து பிரித்திருந்தால் அதைக் கிளற முடியாது. விற்பவரின் சகோதரிகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுத்திருக்கிறார்களா? இல்லையென்றால் அவருடைய மூன்றில் ஒன்றே மூன்றில் ஒன்றாக இல்லாமல் போகலாம். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தக் குடும்பத்தில் யாராவது பிள்ளை கூட்டிக்கொண்டிருக்கிறார்களா, இங்கிருந்து வேறு வீட்டுக்குப் பிள்ளை போயிருக்கிறார்களா? நகரத்தார் குடும்பங்களில் சுவீகாரம் சகஜம். எந்த வருடம், எந்த வீட்டுக்கு என்பதைப் பொறுத்துப் பங்கு மாறும். வாரிசுச் சான்றிதழில் இதெல்லாம் எப்போதும் ஒழுங்காக இருக்கும் என்று நம்பாதீர்கள்.

பவர் விஷயம். பவர் ஏஜென்ட் மூலம் முறையாகக் கிரயம் எழுதிப் பதிவதில் தவறில்லை. ஆனால் பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் முடிந்தது. 2019-ல் கையெழுத்துப் போட்ட மனிதர் இன்று எப்படி இருக்கிறார்? வீடியோ காலில் அவரோடு நீங்களே பேசுங்கள். தயங்கினால் அதுவே பதில். உயிரோடு இருக்கிறார் என்பதற்கான மருத்துவச் சான்றைப் பதிவின்போது எப்படியும் கேட்பார்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டப்பட்டிருக்க வேண்டும். விற்கவும் பணம் வாங்கவும் அதில் தெளிவாக அதிகாரம் இருக்க வேண்டும். நிர்வாகம் பார்க்க மட்டும் கொடுத்த பவரை வைத்து வீட்டையே விற்க வருகிறவர்கள் உண்டு. அப்புறம், விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் வருமான வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு உங்களுடையது. உள்நாட்டில் இருக்கும் விற்பவருக்கு உள்ள 50 லட்சம் என்ற வரம்பும் இதற்குக் கிடையாது. 1 சதவீதமும் அல்ல, அதைவிட அதிகம். பிடிக்காமல் விட்டால் துறை உங்களைத்தான் கேட்கும். ஆடிட்டரைப் பார்க்காமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள்.

ரொக்கம் வேண்டவே வேண்டாம். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்க அட்வான்ஸ் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் வாங்கியவருக்கு, நாளைக்குக் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லாமல் தவிக்கப்போவது நீங்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் சட்டம். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

யுனெஸ்கோ பற்றி உங்கள் கணவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தற்காலிகப் பட்டியல் என்பது விண்ணப்பிக்க இருக்கிறோம் என்று நாடு கொடுக்கும் முன்னறிவிப்பு. பாரம்பரியச் சின்னம் என்ற அங்கீகாரம் இல்லை. ஹோட்டலாக மாற்ற முழு வீடு தேடுகிறவர்கள் நல்ல விலை கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். மூன்றில் ஒரு பங்கைத் தேடி அப்படி யாரும் வந்து நான் பார்த்ததில்லை. வங்கியும் பிரிக்கப்படாத பங்குக்குப் பெரும்பாலும் கடன் தராது. ஆக, நீங்கள் விற்கும்போது வாங்கக்கூடியவர்கள் அந்தப் பங்காளிகள் மட்டுமே. அவர்கள் சொல்வதுதான் விலை.

புது வீட்டிலும் கண் வேண்டும்

இவ்வளவு படித்ததும் "நான் சொன்னதுதான் சரி" என்று கணவரிடம் கடிதத்தைக் காட்டப் போவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கழனிவாசல் வீட்டைப் பற்றி நீங்கள் எழுதியதிலும் அவசர நம்பிக்கைகள் இருக்கின்றன.

டிடிசிபி அப்ரூவல் என்பது மனைப் பிரிவுக்கு. மனையில் நிற்கும் கட்டடத்துக்கு உள்ளாட்சியின் கட்டட அனுமதி தனி. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று அடிப்படையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் அப்படி வாங்கிய அனுமதி என்றால் அதிகாரி யாரும் முன்கூட்டி வந்து பார்த்திருக்கமாட்டார். வரைபடத்தில் பக்கத்துக்கு மூன்றடி விட்டதாக இருக்கும்; நேரில் மதில் சுவரில் கை இடிக்கும். டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிடுங்கள்.

"வங்கி கடன் தருகிறது, அப்படியென்றால் பத்திரம் சுத்தம்" என்று எழுதியிருக்கிறீர்கள். வங்கியின் வக்கீல் வங்கிக்காகப் பார்க்கிறார். கடன் தொகை பத்திரமாக இருக்கிறதா என்பதே அவர் கேள்வி. உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீல் மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை சங்கிலி விடாமல் பார்க்க வேண்டும். அதற்குச் செலவாகும் பணம் 62 லட்சத்தில் ஒரு தூசி.

அடுத்து தண்ணீர். இந்தச் செம்பாறை மண்ணில் கண்மாயும் ஊருணியும் வரத்துக்காலுமாகத்தான் பழைய ஊர்களை அமைத்தார்கள். இப்போது லேஅவுட் போடுகிற சில இடங்கள் ஒரு காலத்தில் அந்த வரத்துக்கால்களை ஒட்டிய வயல்கள். எஃப்எம்பி என்கிற புல வரைபடத்தையும் 'அ' பதிவேடு என்கிற கிராம நிலப் பதிவேட்டையும் வாங்கிப் பக்கத்துப் புல எண்கள் நீர்நிலைப் புறம்போக்கா என்று பாருங்கள். காரைக்குடி டவுன்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்த இணைப்பு இந்த வீட்டுக்கு வந்திருக்கிறதா, போர் மட்டும்தானா? போரென்றால் எத்தனை அடி, வைகாசியில் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடினால் தொட்டி நிறைகிறது? விற்பவரிடம் கேட்காதீர்கள், நாலு வீடு தள்ளித் துணி காயப்போடும் அம்மாவிடம் கேளுங்கள். ஐப்பசியில் பெருமழை பெய்த மறுநாள் காலை ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள்.

செலவுக் கணக்கு: பதிவுக்கு முத்திரைத் தீர்வையும் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். 62 லட்சத்துக்கு 5 லட்சத்து 58 ஆயிரம். பெண் பெயரில் வாங்கினால் சலுகை உண்டு என்பது பாதி உண்மை: 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கிறார்கள், ஆனால் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குத்தான். உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் பெயரில் வாங்க வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன, அது வேறு பேச்சு. விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால், விற்பவர் உள்நாட்டில் இருப்பவர் என்றால் 1 சதவீதம், அதாவது 62,000 ரூபாயைப் பிடித்து வரியாகக் கட்டுவது உங்கள் வேலை. அரசு நிர்ணயித்த கைடுலைன் மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டு மீதியைக் கையில் கொடுங்கள் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மாமியாரின் பாதை

கடிதத்தில் ஒரே வரியில் வந்துபோகும் உங்கள் மாமியாரைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் பேச வேண்டும். வீட்டைத் தேர்ந்தெடுப்பதில் சட்டத்துக்கு அடுத்தபடி நான் பார்ப்பது, அந்த வீட்டில் மிகவும் முடியாதவர் ராத்திரி இரண்டு மணிக்கு எப்படி நடப்பார் என்பதைத்தான்.

பழைய வீட்டில் உங்களுக்குச் சொல்லியிருக்கும் அறை வளவில். கழிவறை அநேகமாகக் கடைசிக் கட்டில். வளவிலிருந்து இரண்டாம் கட்டு, அதைத் தாண்டிச் சமையல் கட்டு, அப்புறம் பின்வாசல். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வாசற்படி, சில இடத்தில் இறங்க வேண்டும், சில இடத்தில் ஏற வேண்டும். மழைக்காலத்தில் முற்றத்துத் தூறல் தாழ்வாரத்தில் தெறித்து, மெருகேறிய ஆத்தங்குடிக் கல் வழுக்கும். அறையோடு சேர்த்து ஒரு பாத்ரூம் கட்டிக்கொள்ளலாமே என்பீர்கள். பொதுச் சுவரை உடைத்துக் குழாயை வளவுக்கு அடியில் கொண்டுபோக மற்ற இரண்டு பங்கின் சம்மதம் வேண்டும். அதே காரணத்துக்காகத் தடையுத்தரவு வாங்கி வேலை நின்ற வீடு ஒன்றின் வழக்கு இப்போதும் என்னிடம் இருக்கிறது. பாதி தோண்டிய குழியைப் பலகை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்.

புது வீட்டிலும் பாருங்கள்: கீழே படுக்கையறையும் கழிவறையும் இருக்கிறதா, கழிவறைக் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலமா? ஆம்புலன்ஸ் வாசல்வரை வந்து திரும்ப முடியுமா? முடிவெடுப்பதற்கு முன் மாமியாரை இரண்டு வீட்டுக்கும் கூட்டிப்போய், ஒரு பகல் பொழுது அங்கேயே இருக்கச் சொல்லுங்கள். அவர் சொந்த ஊர் பக்கம். நாம் கவனிக்காததை அவர் கவனிப்பார்.

உங்கள் இருவருக்கும் நடுவில் உள்ள வழிகள்

நீங்கள் இருவரும் இதை இரண்டில் ஒன்று என்ற சண்டையாக ஆக்கிக்கொண்டீர்கள். வேறு வழிகளும் இருக்கின்றன.

முழு உரிமையோடு ஒரே கையில் இருக்கும் சின்னப் பழைய வீடுகள் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன: கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், தேவகோட்டையின் உள் தெருக்கள். எல்லாமே அரண்மனை அளவு இல்லை. ஒற்றை வளவு, முன்னால் திண்ணை, பின்னால் கிணறு. பத்திரம் ஒருவர் பெயரில், அல்லது எல்லாப் பங்குதாரரும் ஒரே நாளில் வந்து கையெழுத்துப் போடத் தயார் என்றால் தாராளமாகப் பாருங்கள். வாங்கும் முன் தச்சர் ஒருவரையும் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரையும் கூட்டிப்போய் உத்தரங்களைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பழுதுபார்ப்புக்குத் தனியாகப் பணம் ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தில் விலை பேசுங்கள்.

அல்லது, அவர் விரும்பும் மாதிரி வீட்டில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். எல்லாப் பங்குதாரரும் சம்மதித்து எழுத்தில் வாடகை ஒப்பந்தம் போட்டு, 2017 வாடகைச் சட்டப்படி அதைப் பதிந்துகொண்டால் போதும். ஒரு கோடையும் ஓர் அடைமழையும் அங்கே கழித்தால், அவ்வளவு பெரிய வீட்டைப் பெருக்கித் துடைப்பது யார் என்பது உட்படப் பல கேள்விகளுக்கு விடை கிடைக்கும். அந்த விடை உங்கள் கணவர் பக்கமே விழுந்தாலும் எனக்கு ஆச்சரியம் இல்லை. நிறையப் பேர் வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள்.

மூன்றாவது, மனை வாங்கிக் கட்டுவது. ஐந்து செண்டு கிடைத்தால் நடுவில் சின்னதாக முற்றம் வைத்து, ஆத்தங்குடித் தளம் போட்டுக் கட்டலாம். பழைய தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கிடைக்கும். இது அந்த வீடு ஆகாது என்று கணவர் சொல்வார், உண்மைதான். ஆனால் அவர் கேட்பது வெளிச்சமும் காற்றும் என்றால் அது கிடைக்கும். பழைய வீட்டின் வயதும் பெருமையும் கிடைக்காது. அவருக்கு எது வேண்டும் என்று ஒருநாள் நிதானமாக அவரிடமே கேளுங்கள். கிண்டல் செய்யாமல் கேளுங்கள்.

கானாடுகாத்தான் பக்கத்து வீட்டையே எடுக்க வேண்டும் என்றால் ஒரே வழி: மூன்று பங்குதாரரும் அவர்களுடைய சகோதரிகளும் சேர்ந்து முதலில் பதிவான பாகப்பிரிவினை செய்யட்டும். அதில் விற்பவரின் பாகம் வரைபடத்தோடு, அளவோடு, தனி வாசல், கழிவுநீர்ப் பாதை, கிணற்று உரிமையோடு பிரிந்து வரட்டும். பிரிந்த பிறகு அந்தப் பாகத்தை வாங்குவது வேறு விஷயம். அல்லது எல்லோரும் சேர்ந்து முழு வீட்டையும் விற்கட்டும். அது உங்கள் 70 லட்சத்தில் அடங்காது என்றுதான் நினைக்கிறேன்.

புரோக்கருக்கு இன்று இப்படிப் பதில் சொல்லுங்கள்: "மூலப்பத்திரம், பாகப்பிரிவினை, பவர், பட்டா, சகோதரிகளின் விடுதலைப் பத்திரம், எல்லாவற்றின் நகலையும் கொடுங்கள், வக்கீல் பார்க்கட்டும். அட்வான்ஸ் அதற்கப்புறம், வங்கி வழியாக, பதிவு செய்த ஒப்பந்தத்தின் பேரில்." கழனிவாசல்காரரிடமும் மூலப்பத்திரத்தையும் கட்டட அனுமதியையும் இதே வாரம் கேட்டுவிடுங்கள். இரண்டு பேரில் யார் முதலில் தாள்களைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.